பின்னல்வரி நிகழ்படங்களை இணையத்திற்கு மாற்றுதல்: அசைவுச் சான்றுகளைக் காக்கும் முறை

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரக் கோயில் விழாக்களையும் கூத்துகளையும் காட்டும் பழைய ஒளிநாடாக்களை இணையத்தில் ஏற்றுமுன் அவற்றின் பதிவமைப்பை அறிதல் வேண்டும்.

இந்தியா பின்பற்றிய ‘பால்’ முறையில் நொடிக்கு 25 சட்டகங்கள். ஒவ்வொன்றிலும் 576 படவரிகள். ஒற்றைப்படை வரிகள் ஒரு புலமாகவும் இரட்டைப்படை வரிகள் மறுபுலமாகவும் 1/50 நொடி இடைவெளியில் பதிவாகும். ஆகவே நொடிக்கு 50 அசைவுநிலைகள் கிடைக்கின்றன. கணினித்திரை இரு புலங்களையும் ஒருசேரக் காட்டுவதால் அசையும் பொருளின் விளிம்பு சீப்புப்பல் போலப் பிளவுபடுகிறது.

ஒரு புலத்தை நீக்கினால் பிளவு மறையும். பாதி அசைவுநிலைகளும் உடன் மறையும். பறையில் விழும் குச்சியின் வீச்சையோ கூத்தரின் அடவையோ ஆராய்வோர்க்கு இது சான்றிழப்பாகும். எனவே ஒவ்வொரு புலத்தையும் முழுச் சட்டகமாக்கி, நொடிக்கு 50 சட்டகங்களாக வெளியிடுதல் தகும். எஃப்எஃப்எம்பெக் மென்பொருளின் ‘யாடிஃப்’ வடிப்பி இயல்பமைப்பில் 25 சட்டகங்களையே தருவதால், அவ்வமைப்பை மாற்றுதல் வேண்டும். டிவி வகை நாடாக்களில் கீழ்ப்புலமே முந்தியது. இவ்வரிசை பிறழின் அசைவு முன்னும் பின்னுமாகத் துள்ளும். பின்னல் நீக்கிய பின்னரே அளவுமாற்றமும் சுருக்கமும் செய்யத்தக்கன.

திரைப்படச் சுருளிலிருந்து நாடாவிற்கு மாற்றப்பட்டவற்றில் இரு புலங்களும் பெரும்பாலும் ஒரே கணத்தைச் சார்ந்தவை. அவற்றை இணைத்தலே போதும். எவ்வகையாயினும் மூலக்கோப்பை மாற்றமின்றிப் பேணுதல் இன்றியமையாதது. நீக்கிய புலத்தை வெளியீட்டுக் கோப்பிலிருந்து மீட்க இயலாது.