கடலில் ஓர் இரவு: அடுப்பும் விளக்கும்

மாலை வெயில் தாழும் நேரத்தில் இலங்கையின் வடபாற் கடற்கரையில் நின்று நோக்குவோர், வள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆழ்கடலை நோக்கிச் செல்வதைக் காண்பர். வலை, கயிறு, மிதவை, எரிபொருள், குடிநீர் என்பவற்றோடு ஓர் அடுப்பும் ஒரு விளக்கும் அவற்றில் ஏற்றப்படுவதுண்டு. வலை வாங்கும்போது வலைக்கண்ணின் அளவையும் நூலின் தடிப்பையும் பலமுறை ஆராயும் தொழிலாளி, அடுப்பையும் விளக்கையும் பொறுத்தவரை வீட்டில் எது கிடக்கின்றதோ அதனையே தூக்கிச் செல்வதும் உண்டு. வலை பழுதானால் ஓரிரவு உழைப்பு வீணாகும். அடுப்போ விளக்கோ தவறினால் வள்ளத்திலுள்ளோர் கரை திரும்புவதே ஐயமாகிவிடும். ஆதலின் இவ்விரண்டையும் எவ்வாறு தெரிவுசெய்வது என்பது சற்று நின்று சிந்திக்கவேண்டிய பொருளாகும்.

வீட்டுக்கும் வள்ளத்துக்குமுள்ள வேறுபாட்டை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். வீட்டிலே தரை அசைவதில்லை. சுவர்கள் காற்றைத் தடுக்கின்றன. தீப்பற்றினால் முற்றத்துக்கு ஓடலாம். வள்ளத்திலோ தரை ஓயாது ஆடுகின்றது. காற்றுக்குத் தடை இல்லை. ஓடுவதற்கு முற்றமும் இல்லை. எனவே கடலுக்குரிய விதி எளியது. அடுப்பு விழவே கூடாது. விளக்கு விழுந்தாலும் எரிந்துகொண்டிருத்தல் வேண்டும். இவ்விரு வாக்கியங்களையும் அளவுகோலாகக் கொண்டால், கடையிற் காணப்படும் பலவகைப் பொருள்களுள் எது தக்கது, எது தகாதது என்பது தானே விளங்கும்.

அடுப்புகளை முதலில் நோக்குவோம். பாய்க்கப்பற் காலத்து மாலுமிகள் மணல் நிரப்பிய பெட்டியின்மேல் விறகெரித்துச் சமைத்தனர். அந்த மணற்பெட்டியின் தத்துவம் இன்றும் பழையதாகிவிடவில்லை. இக்கால வள்ளங்கள் பல கண்ணாடி நாரினாலும் பிசினாலும் ஆனவை. அப்பிசின் தீப்பற்றக் கூடியது. ஆகவே எவ்வகை அடுப்பாயினும் வள்ளத்தின் உடலில் நேரே வைக்கப்படலாகாது. விளிம்புயர்ந்த தகரத் தட்டொன்றில் மணலிட்டு, அத்தட்டை வள்ளத்தோடு இறுகப் பிணித்து, அதன்மேல் அடுப்பைப் பொருத்துதல் வேண்டும். பாத்திரம் சறுக்காதவாறு அடுப்பைச் சுற்றிக் கம்பி வேலியும் அமைத்தல் நன்று. பாத்திரம் அகலங்குறைந்து ஆழங்கூடியதாகவும் மூடி இறுகியதாகவும் இருந்தால், அலை ஆட்டும்போது கொதிநீர் தெறித்து உடலைச் சுடாது.

மண்ணெண்ணெயை அழுத்தத்தால் ஆவியாக்கி எரிக்கும் அடுப்பை 1892 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டவரான பிரான்ஸ் வில்கெல்ம் லிண்ட்குவிஸ்ட் என்பவர் ஆக்கினார். பிறைமஸ் என்னும் பெயரால் அது உலகெங்கும் பரவியது. புகையின்றி வன்மையாக எரிவது அதன் சிறப்பு. திரியடுப்பு அவ்வளவு வன்மையுடையதன்று. சரிந்தால் அதன் எண்ணெய் எளிதிற் சிந்திவிடும். ஆதலின் ஆடும் வள்ளத்துக்குத் திரியடுப்பு ஏற்றதன்று. அழுத்த அடுப்பைக் கொள்வோர், அதன் தாங்கியைக் கரையிலேயே நிரப்பி, துளையைத் துப்புரவாக்கி, ஒருமுறை எரித்துப் பார்த்த பின்னரே ஏற்றுதல் வேண்டும். எரியும் அடுப்புக்கு எண்ணெய் வார்ப்பது எவ்விடத்தும் தவறு. கடலில் அது பெருந்தவறு.

இங்கே ஓர் எச்சரிக்கை மிக முக்கியமானது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய வள்ளங்களில் மண்ணெண்ணெயும் பெற்றோலும் அருகருகே இருப்பது வழக்கம். இருளில் கலன் மாறிப் பெற்றோலை அடுப்பிலோ விளக்கிலோ வார்த்துவிட்டால் விளைவு வெடிப்பாகும். மண்ணெண்ணெயிலே சிறிதளவு பெற்றோல் கலந்தாலும் ஆபத்து உண்டு. சாதாரண வெப்பநிலையில் மண்ணெண்ணெயின் ஆவி எளிதில் தீப்பற்றுவதில்லை. பெற்றோலின் ஆவியோ கடுங்குளிரிலும் தீப்பற்றும். ஆகையால் இரு கலன்களும் வடிவத்தால் வேறுபட்டிருத்தல் வேண்டும். நிறத்தால் மட்டும் வேறுபடுத்துவது போதாது. இருளிலே நிறம் தெரியாது, கைக்கு வடிவம் தெரியும்.

அடுத்தது வாயு அடுப்பு. சிறு உருளையோடு கூடிய வாயு அடுப்பு உடனே பற்றும், சுடரைக் கூட்டலாம், குறைக்கலாம், எண்ணெய் சிந்தாது. ஆயினும் சமையல் வாயுவில் அடங்கிய புரொப்பேன், பியூற்றேன் என்னும் இரண்டும் காற்றிலும் பாரமானவை. வீட்டிலே கசிந்த வாயு கதவு வழியே வெளியேறக்கூடும். வள்ளத்தின் அடித்தளமோ நாற்புறமும் அடைபட்ட ஒரு கிண்ணம் போன்றது. கசிந்த வாயு அங்கே இறங்கித் தங்கி, ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கும். ஆதலின் வாயு உருளை திறந்த மேற்றளத்திலேயே இருத்தல் வேண்டும். இணைப்புகளில் சவர்க்கார நீரைத் தடவிக் குமிழி எழுகின்றதா எனப் பார்ப்பது எளிய சோதனை. சமையல் முடிந்ததும் அடுப்பின் திருகியை மட்டுமன்றி உருளையின் வாயையும் அடைத்தல் வேண்டும்.

பல நாள் தங்கித் தொழில் செய்யும் பெருங்கலங்களில் வேறொரு பகைவன் உண்டு. மழையும் காற்றும் மிகுந்த இரவில் அடுப்பை உள்ளறைக்குக் கொண்டுசென்று கதவைச் சாத்திவிடத் தோன்றும். எரிபொருள் போதிய காற்றின்றி எரியும்போது காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு உண்டாகின்றது. கரியடுப்பில் அது மிகுதியாக எழும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. முதலிலே தலைவலியும் தலைச்சுற்றும் குமட்டலும் தோன்றும். இவை கடல் மயக்கத்தின் குறிகளை ஒத்திருப்பதனால், பாதிக்கப்பட்டவர் 'சற்றே படுத்தாற் சரியாகும்' என்று அவ்வறையிலேயே படுத்துவிடுவார். அந்த உறக்கம் இறுதி உறக்கமாகலாம். அடைத்த அறையில் ஒருவருக்கு மேற்பட்டோருக்கு ஒரே வேளையில் தலைவலி வந்தால், கடலைக் குறைகூறுமுன் கதவைத் திறத்தல் வேண்டும்.

இவ்வளவும் கேட்ட நேயர்கள், கடலிலே சமைப்பதே வேண்டாமோ என வினவலாம். ஓரிரவுப் பயணத்துக்கு அந்த வினாவே பாதி விடையாகும். சோறும் கறியும் கரையிற் சமைத்து எடுத்துச் செல்லலாம். கொதிநீரை வெப்பங்காக்கும் குடுவையிலிட்டால் நள்ளிரவிலும் தேநீர் உண்டு. அதன் பின்னர் அடுப்பின் வேலை விடியற்காலையில் சிறிது நீர் கொதிக்கவைப்பது மட்டுமே. நல்ல அடுப்பில் ஒரு லீற்றர் நீரைக் கொதிக்கவைக்க ஏறத்தாழ 20 மில்லிலீற்றர் மண்ணெண்ணெய் போதும். காற்றுத்தடுப்பு இல்லாவிடின் இதன் இருமடங்கும் செல்லக்கூடும். 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் மண்ணெண்ணெய் தட்டுப்பாடாகி, அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததைக் கடற்றொழிலாளர் மறந்திரார். ஒரு தகரக் காற்றுத்தடுப்பு செய்யும் சிக்கனம் சிறிதன்று.

இனி விளக்கு. முன்னாளிலே களப்பிலும் கரையோரத்திலும் மீன்பிடிப்போர் காய்ந்த ஓலைகளைக் கட்டிச் சூளாக்கிக் கொளுத்தினர். பின்னர் அரிக்கன் லாம்பு வந்தது; அதன்பின் பெற்றோமாக்ஸ் விளக்கு வந்தது. மலிவான குப்பி விளக்கோ எங்கும் இருந்தது. குப்பி விளக்கு சரிந்து எண்ணெய் சிந்தித் தீப்புண்பட்டோர் இந்நாட்டில் மிகப் பலர். அவர்களுக்குச் சிகிச்சை செய்த அறுவை மருத்துவரான விஜய கொடகும்புர, சரிந்தாலும் உருளாத தட்டையான பக்கங்களும் தடித்த கண்ணாடியும் திருகு மூடியும் உடைய குட்டையான குப்பி விளக்கொன்றை உருவாக்கினார். அப்பணிக்காக 1998 ஆம் ஆண்டில் ரோலெக்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது. விளக்கின் முதற்குணம் பிரகாசம் அன்று, சரிந்தபோதும் தீங்கு செய்யாமையே என்பதனை அவர் செயலிற் காட்டினார்.

இன்று அந்தக் குணம் மின்விளக்கிலே எளிதாகக் கிட்டுகின்றது. எல்.ஈ.டி. எனப்படும் ஒளிகாலும் இருவாயி விளக்கில் சுடரில்லை. உடையும் சிமினியும் இல்லை. வெள்ளொளி தரும் இவ்விளக்குகளுக்கு வழிவகுத்த நீல ஒளி இருவாயியைக் கண்ட யப்பானில் பிறந்த அறிஞர் மூவர் 2014 ஆம் ஆண்டில் பௌதிகத்துக்கான நோபெல் பரிசைப் பெற்றனர். 3 உவாற்று விளக்கொன்று பத்து மணிநேரம் எரிய 30 உவாற்று மணி மின்சத்தி வேண்டும். 12 வோல்ற்று, 7 அம்பியர் மணி கொண்ட சிறிய ஈய அமில மின்கலத்தில் 84 உவாற்று மணி உண்டு. அதிற் பாதியை மட்டும் செலவிட்டாலும் ஓரிரவு தாராளமாகக் கழியும். வாங்கும்போது ஐ.பி. 67 என்னும் குறி உண்டா எனப் பார்த்தல் வேண்டும். ஒரு மீற்றர் நீரில் அரை மணிநேரம் அமிழ்ந்தாலும் உள்ளே நீர் புகாது என்பதே அதன் பொருள். வீடு திரும்பியதும் நன்னீராற் கழுவித் துடைத்தால் உப்பு அரிப்பது குறையும்.

ஒரு வள்ளத்துக்கு ஒரு விளக்குப் போதாது. வலை வாங்க ஒன்று; நெற்றியிற் கட்டிக் கைகளை விடுவிக்க ஒன்று; பிறர் காண ஒன்று. வேலை விளக்கு சுக்கான் பிடிப்பவரின் கண்ணிற் படலாகாது. இருளுக்குப் பழகிய கண் ஒருமுறை கூசினால் மீளப் பழக ஏறத்தாழ அரை மணிநேரம் செல்லும். பிறர் காணும் விளக்குக்குச் சட்டமே உண்டு. 1972 ஆம் ஆண்டின் சர்வதேச கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, இழுவை மடி அல்லாத வேறு வகையில் மீன்பிடிக்கும் கலம் மேலே சிவப்பும் கீழே வெள்ளையுமாக எப்பக்கமும் தெரியும் இரு விளக்குகளைக் காட்டவேண்டும்; இழுவை மடிக் கலத்துக்கு மேலே பச்சை. துடுப்பு வலிக்கும் சிறு வள்ளமும் ஒரு மின்சூளையாவது உடனே காட்டத்தக்கதாய் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும். தெய்வேந்திரமுனைக்கு அப்பாற் செல்லும் பெருங்கப்பலின் மாலுமிக்கு, இருளிலே கிடக்கும் வள்ளம் இல்லாத பொருளே.

நனைத்த தடித்த சாக்கு ஒன்றையும் அடுப்பருகே வைத்துக்கொண்டால் ஆயத்தம் நிறைவுறும். எண்ணெய்த் தீயில் நீரூற்றினால் தீ பரவும். ஈரச்சாக்கால் மூடினால் அடங்கும். இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு வேண்டுவதன்று. தகரத் தட்டும் மணலும், வேறு வடிவக் கலனும், ஈரச்சாக்கும் எந்தக் குடிசையிலும் கிடைப்பவை. விளக்கு ஒன்றே விலைகொடுத்து வாங்கவேண்டியது. வள்ளம் கரையேறும்வரை கடலையே பார்த்திருக்கும் வீட்டாருக்கு அவ்விலை பெரிதாகத் தோன்றாது.