கடை ஜெனரேட்டர் ஓடி ஓடி நிற்கிறதா?

மாலை வியாபாரம் சூடு பிடிக்கும் நேரத்தில்தான் மின்சாரம் போகும். பில் மிஷின் நின்றுவிடும். ஃப்ரீசரில் பாலும் ஐஸ்கிரீமும் இருக்கும். அவசரத்துக்கு என்று வாங்கி வைத்த சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரைக் கயிறு இழுத்துக் கிளப்பினால், இரண்டு நிமிடம் ஓடி அடங்கிவிடும். மெக்கானிக் வந்து கார்புரேட்டரையே மாற்றச் சொல்வார். பல சமயம் கோளாறு கார்புரேட்டரில் இல்லை; தேங்கிக் கிடந்த பெட்ரோலில்தான் இருக்கிறது.

பழைய சரக்கை முன்னே வைத்து விற்பது நம் வழக்கம். பெட்ரோலுக்கும் அதுபோல ஆயுள் உண்டு. ஒரு மாதத்துக்கு மேல் டேங்கில் கிடந்தால் எளிதில் பற்றும் பகுதி ஆவியாகி, மிச்சம் பிசின்போல் படியும். கார்புரேட்டர் ஜெட்டின் துளை மிக நுண்ணியது. சிறு படிவே அதை அடைத்துவிடும். மேலும், 2025-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அந்த அடித் திரவத்தைத்தான்.

சோதிக்குமுன் எஞ்சினை ஆறவிட்டு, பிளக் கேப்பைக் கழற்றி, வெளியிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சாமி விளக்கோ ஊதுபத்தியோ அருகில் எரியக் கூடாது. பிறகு வரிசையாகப் பார்க்கலாம்.

1. எஞ்சின் ஆயில்: ஆயில் குறைந்தால் தானே நின்றுவிடும் அமைப்பு பல ஜெனரேட்டர்களில் உண்டு. முதலில் அளவைப் பாருங்கள்.

2. டேங்க் மூடி: சிறிது நேரம் ஓடி நின்று, ஆறியபின் மீண்டும் ஓடுகிறதா? மூடியில் காற்றுத் துளை அடைத்திருக்கலாம். நின்றவுடன் மூடியை மெல்லத் தளர்த்தினால் "உஸ்" என்று காற்று உள்ளே போகும். துளையைச் சுத்தம் செய்தால் போதும்.

3. டேப்பும் டியூபும்: டேங்க் மேலே உள்ள ரகங்களில், டேப்பை மூடி, கார்புரேட்டர் பக்கம் டியூபைக் கழற்றிப் பாட்டிலில் விட்டு, டேப்பைத் திறங்கள். தாரையாக வர வேண்டும். சொட்டினால் வலையிலோ ஃபில்டரிலோ அடைப்பு.

4. தண்ணீர்: கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துச் சற்று வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. டேங்கையும் வடித்துப் புதிய பெட்ரோல் ஊற்றுங்கள்.

5. ஜெட்: சோக் போட்டால்தான் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது என்றால் ஜெட் அடைப்பு. கார்புரேட்டர் கிளீனர் அடித்துக் காற்றால் ஊதலாம். ஊசி, கம்பி விட்டுக் குத்தக் கூடாது. துளை பெரிதானால் பெட்ரோல் செலவு கூடும்.

ஃப்ரீசரைப் போட்டவுடன் மட்டும் நின்றால் பளுவையும் கணக்குப் பாருங்கள். கம்ப்ரசர் கிளம்பும்போது ஓடும்போதைவிடப் பல மடங்கு மின்சாரம் கேட்கும்.

இவ்வளவும் வராமல் தடுக்க ஒரு சிறு பழக்கம் போதும். பல நாள் ஓட்டப் போவதில்லை என்றால், டேப்பை மூடிவிட்டு, தானே நிற்கும்வரை ஓட விடுங்கள், கிண்ணம் காலியாகிவிடும். ஒரு மாதமானால் டேங்கையும் வடித்துவிடுங்கள்.

பெட்ரோலை மொத்தமாக வாங்கி வைப்பதும் வேண்டாம். 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் உரிமமின்றி வைத்திருக்கக்கூடியது 30 லிட்டர் வரைதான். அதுவும் நன்கு மூடிய உலோகக் கலனில், கலன் ஒன்றுக்கு 25 லிட்டருக்கு மிகாமல். பிளாஸ்டிக் கேனில் ஊற்றி அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைப்பது தீயை அழைத்து வைப்பதாகும்.

கடைசியாக ஒன்று. மழை என்று ஜெனரேட்டரைக் கடைக்குள்ளோ, குடோனிலோ, பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னாலோ ஓட்டாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மயங்கி விழும்வரை தெரியாது. பால் திரிந்தால் நஷ்டத்தோடு போகும். கடைப் பையனின் உயிர் போனால் எந்தக் கணக்கிலும் வரவு வைக்க முடியாது.