செக்ரோல் யார் கையில்?

ஒரு தமிழ்க் கல்யாணத்தை நடத்தி முடிக்க எத்தனை பேர் வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்டால் தெரியாது. மண்டபத்தின் பின்கட்டில் நிற்பவரைக் கேட்க வேண்டும். மணவறை கட்டுகிறவர், பூ அலங்காரம், நாதஸ்வரம், தவில், பிஏ சிஸ்டம், விளக்கு, போட்டோ, வீடியோ, டிரோன் விடும் பையன், சமையல், பரிமாற ஒரு கூட்டம், பாத்திரம் கழுவ இன்னொரு கூட்டம், வாசலில் கார்களை ஒழுங்குபடுத்த இரண்டு பேர். இவர்களில் நிரந்தர வேலைக்காரர்கள் ஒருவரோ இருவரோதான். மற்றவர்கள் எல்லாம் அன்றைக்கு வந்து அன்றைக்கே போகிறவர்கள்.

இந்தத் தொழிலுக்குத் தஞ்சோங் மாலிம் வாகான ஊர். மலேசியாவில் பேராக்கின் தென்கோடி இது, பெர்னாம் ஆற்றைத் தாண்டினால் சிலாங்கூர். கொமுட்டர் ரயில் ஏறினால் தலைநகர். 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த சுல்தான் இட்ரிஸ் வளாகத்தில், கைச்செலவுக்கு வேலை தேடும் மாணவர்களுக்குக் குறைவில்லை. புரோட்டோன் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்துவிட்டு வார இறுதியில் இன்னொரு வருமானம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியேறி டவுனுக்குக் குடிவந்த குடும்பங்கள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்து விழும்: “நாளைக்கு நைட் டின்னர், எட்டுப் பேர் வேணும், கறுப்பு பேண்ட், வெள்ளைச் சட்டை, யார் ஃப்ரீ?” கை தூக்கும் படங்கள் வரிசையாக வரும். ஆள் சேர்ந்துவிட்டது. ஒப்பந்தம் அவ்வளவுதான்.

காசு எப்போது வரும் என்பது தனிக்கதை. நல்ல முதலாளி அன்றிரவே கைப்பேசியில் டுவிட்நவ் வழியாகப் பணத்தைத் தட்டிவிடுவார். மற்றவர், “வீட்டுக்காரங்க பேலன்ஸ் கொடுத்ததும் போட்டுடறேன் தம்பி” என்பார். அந்தப் பேலன்ஸ் வரும்போது தம்பியின் பெயர் எந்த நோட்டில் இருக்கிறது என்று அவருக்கே மறந்திருக்கும்.

இந்த நோட்டுக்கு நம்மிடையே நீண்ட வரலாறு உண்டு. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் செக்ரோல் என்ற வருகை, கூலி ஏடு தெரியும். விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள் நிற்க வேண்டும். தோட்டத்துக் கணக்கரான கிராணி பெயர் கூப்பிடுவார், வந்தவருக்கு ஒரு குறி, வராதவருக்கு ஒன்றுமில்லை. பால் வெட்டி முடித்து ஸ்டோருக்குத் தூக்கி வந்தால் அங்கே எடை. மெட்ரோலாக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு எவ்வளவு ரப்பர் தேறும் என்று பார்ப்பார்கள். ஒட்டுப்பாலுக்குத் தனிக் கணக்கு. முன்பணம், கடைப் பாக்கி எல்லாம் அதே ஏட்டில் கழியும். மாதக் கடைசியில் ஒரு தொகை வரும். அது எப்படி வந்தது என்று கேட்க வெட்டியவருக்கு வழியில்லை. பெரும்பாலானவர்களுக்கு அந்த ஏட்டை வாசிக்கவும் தெரியாது.

தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. அவர் கொண்டுவந்த ஆட்கள் வேலைக்கு வந்த நாளுக்கு, ஆளுக்கு இவ்வளவு என்று. ஆகவே அவர் கண் தலை எண்ணிக்கையில்தான். ஆளுக்குக் காய்ச்சலா, பிள்ளைக்குச் சுகமில்லையா என்பது அந்தக் கணக்கில் வராது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது, உதவி பெற்ற குடியேற்றத்தை 1938இல் இந்தியா நிறுத்தியது. தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு மட்டும் ஒழியவில்லை. இன்று ஆள் அனுப்பும் ஏஜெண்ட், பரிமாறும் பையன் ஒருவனுக்கு மண்டபத்திடம் வாங்குவதற்கும் அவனுக்குக் கொடுப்பதற்கும் இடையே எடுத்துக்கொள்வது வேறென்ன?

1930இல் ரப்பர் விலை விழுந்தபோது ஆணுக்கு 50 காசாக இருந்த நாள்கூலி 40 ஆனது, பெண்ணுக்கு 40 காசு 32 ஆனது. ஏட்டில் விகிதத்தை மாற்றினால் வேலை முடிந்தது. பிறகு காலம் கொஞ்சம் நம் பக்கம் சாய்ந்தது. 1951இல் ஊழியர் சேமநிதி, 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், அடுத்த ஆண்டு வேலைச் சட்டம், 1969இல் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புக்கான சட்டம். இவை அனைத்தும் ஒரே அனுமானத்தின்மேல் நிற்பவை: உன் பெயர் யாரோ ஒருவர் ஏட்டில் இருக்கிறது. அந்த அனுமானம்தான் பின்னாளில் ஆட்டம் கண்டது. தோட்டங்கள் குத்தகைக்காரர்களிடம் வேலையை விட ஆரம்பித்ததும், ஆட்கள் தோட்டத்தின் செக்ரோலிலிருந்து குத்தகைக்காரர் சட்டைப்பைக்குள் இருக்கும் நோட்டுக்கு இறங்கினார்கள். சேமநிதிப் பணம் கட்டியிருக்கிறதா என்று ஓய்வுபெறும் வயதில் போய்ப் பார்த்து, வெறும் கையோடு திரும்பியவர்கள் எத்தனையோ பேர்.

இப்போது அந்த நோட்டின் இடத்துக்கு மென்பொருள் வருகிறது. பகுதிநேர ஆட்களுக்கென்றே கோகெட் போன்ற உள்ளூர்ச் செயலிகள் இருக்கின்றன. நிகழ்ச்சி நடத்துபவர்கள் தங்கள் ஆட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் மென்பொருள்களும் உண்டு. இயங்கும் முறை ஒன்றுதான். ஆள் தன் விவரத்தைப் பதிகிறார், எந்த நாள் ஓய்வு என்று குறிக்கிறார். வேலை வந்தால் அறிவிப்பு போகிறது. மண்டபத்துக்கு வந்ததும் கைப்பேசியில் தட்டினால் நேரமும் இடமும் பதிவாகின்றன. மேற்பார்வையாளர் மணிக்கணக்கை ஒப்புக்கொண்டதும் அது சம்பளப் பட்டியலுக்குப் போய், அங்கிருந்து வங்கிக்குப் போகிறது.

இதன் உண்மையான பயன் காசை வேகமாகப் போடுவதில் இல்லை, ஆவணங்களைக் கண்காணிப்பதில்தான் என்பேன். 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளின்படி, சாப்பாட்டைக் கையாளும் ஒவ்வொருவரும் பயிற்சி முடித்து டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும். அந்த ஊசிக்கு ஆயுள் 3 ஆண்டுதான். ஐம்பது அறுபது பேரை மாற்றி மாற்றிக் கூப்பிடும் கேட்டரிங்காரருக்கு, யாருடைய ஊசி எந்த மாதம் காலாவதியாகிறது என்பது மனத்தில் நிற்குமா? சுகாதார அதிகாரி வந்து நிற்கும்போதுதான் நினைவு வரும். இன்னொன்று, பலர் அறியாதது: 18 வயதுக்குக் குறைந்த இளையவர்களை, சில விதிவிலக்குகள் தவிர, இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கிறது 1966ஆம் ஆண்டுச் சட்டம். நம் டின்னர் 8 மணிக்குத்தான் சூடு பிடிக்கும். அண்ணன் கூடவே தம்பியையும் கூட்டிவந்து தட்டு எடுக்கவிடும் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததே. பிறந்த தேதியைக் கேட்டு வாங்கும் மென்பொருள் அந்தத் தம்பியை வாசலிலேயே நிறுத்திவிடும்.

மென்பொருள் தீர்க்காத கேள்வி ஒன்று இருக்கிறது. தட்டு எடுக்கும் இந்தப் பையன் யார்? தொழிலாளியா, தனியாகத் தொழில் செய்பவரா? பெரும்பாலான செயலிகளில் ஃப்ரீலான்ஸ் என்ற பெட்டியில் ஒரு டிக் அடித்தால் சேமநிதியும் சொக்சோவும் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். ஆனால் டிக் அடித்ததால் சட்டம் மறைந்துவிடாது. 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தில் சேர்ந்திருக்கும் 101சி பிரிவு, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறது. வேலை செய்யும் விதத்தை யார் கட்டுப்படுத்துகிறார், நேரத்தை யார் வைக்கிறார், கருவியை யார் தருகிறார். கறுப்பு பேண்ட், ஏழு மணிக்கு வா, இந்தத் தட்டைத் தூக்கு, அந்த மேசைக்குப் போ என்று சொல்லிவிட்டு, நீ சுதந்திரத் தொழிலர் என்றால் எந்தத் தொழிலாளர் நீதிமன்றம் நம்பும்? சொந்தக் கேமராவோடு வந்து, தன் விலையைத் தானே சொல்லி, அடுத்த நாள் இன்னொருவர் கல்யாணத்துக்குப் போகும் வீடியோக்காரர் கதை வேறு. அவருக்கு 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. அதில் கடைநிலைத் திட்டம் மாதம் 13 வெள்ளி 10 காசு. ஏணியிலிருந்து விழுந்து கை உடைந்தால் அதன் அருமை தெரியும்.

2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கிக் தொழிலாளர் சட்டம், கார் ஓட்டுகிறவர்கள், சாப்பாடு கொண்டுபோகிறவர்களோடு நிற்கவில்லை. கேமரா, படப்பிடிப்பு போன்ற சில தொழில்களையும் சேர்த்துக்கொண்டது. எழுத்தில் ஒப்பந்தம், தகராறுக்கு ஒரு தீர்ப்பாயம் என்று வழி வகுக்கிறது. தட்டு எடுக்கும் பையனை அந்தப் பட்டியலுக்குள் இழுத்து நிரந்தரமாக ‘கிக்’ ஆக்கிவிட சிலருக்கு ஆசை வரும். அவனுக்குப் பழைய வேலைச் சட்டமே நல்ல பாதுகாப்பு. அதன் 33ஆவது பிரிவின்படி, குத்தகைக்காரர் சம்பளம் கொடுக்காமல் ஓடினால் வேலையைக் குத்தகைக்கு விட்டவரும் 3 மாதம் வரையிலான கூலிக்குப் பொறுப்பு. ஆனால் 90 நாளுக்குள் கேட்க வேண்டும். கேட்பதற்கு, எந்தெந்த நாள் வேலைக்குப் போனோம் என்பதற்குச் சான்று வேண்டும்.

நாள் கணக்கில் ஆள் கூப்பிடும் சென்னைச் சினிமாவில் கால்ஷீட், பேட்டா என்று ஒரு ஒழுங்கு இருக்கிறதே, அதைச் சாதித்தது மென்பொருள் இல்லை. பெப்சி என்ற சம்மேளனத்தின் கீழ் ஒவ்வொரு கைவேலைக்கும் ஒரு சங்கம் என்று கட்டி, நேரத்தையும் கூலியையும் பேசி வைத்தார்கள். இந்திய அரசும் 1981இல் சினிமாத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் போட்டு எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. நம் மண்டபத்து ஆட்களுக்குச் சங்கம் இல்லை. அவர்கள் கையில் இருப்பது கைப்பேசி மட்டும்தான்.

அதனால்தான் எந்த மென்பொருள் என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால், விலையையும் வசதியையும் பார்க்குமுன் ஒன்றை மட்டும் பார்க்கச் சொல்வேன். மேற்பார்வையாளர் மணியைத் திருத்தினால் அது ஆளின் திரையில் தெரிகிறதா? ஏழு மணிக்கு வந்து பன்னிரண்டுக்குப் போனவருக்கு நான்கு மணி நேரம் என்று எழுதினால், யார், எப்போது மாற்றினார் என்று இருவரும் பார்க்க முடிகிறதா? தன் பதிவை அவர் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாமா, குழுவிலிருந்து நீக்கிய பிறகும்? பல மென்பொருள்களில் முதலாளிக்கு எல்லாம் தெரியும், ஆளுக்குக் கடைசித் தொகை மட்டும் வரும். அது கண்ணாடித் திரை போட்ட பழைய செக்ரோல்தான். ஆள் எங்கே நிற்கிறார் என்று நிமிடத்துக்கு நிமிடம் ஜிபிஎஸ்ஸில் பார்ப்பதும் வேண்டாத வேலை. வந்த நேரமும் போன நேரமும் போதும்.

மென்பொருள் வாங்க இப்போது கையில் காசு இல்லை என்கிற சின்ன கேட்டரிங்காரர்கள் உண்டு. நியாயம்தான். அவர்கள் வேலை முடிந்த இரவே, ஒவ்வொருவர் எண்ணுக்கும் தனித்தனியாக நாள், வந்த நேரம், போன நேரம், மணிக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று ஒரு செய்தி அனுப்பலாம். குழுவில் போடாமல் அவரவருக்கே அனுப்ப வேண்டும். சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் காசைப் போட்டு, அதே செய்திக்கடியில் ரசீதையும் இணைத்துவிடலாம்.