ஈ மொய்த்த வகுப்பறை

வாழைப்பழம் கனிந்து தோலில் கரும்புள்ளி விழுந்தால் போதும், எங்கிருந்தோ குட்டி ஈக்கள் வந்து மொய்க்கும். நாம் கையை வீசி விரட்டுவோம். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக விலங்கியல் துறையோ, அந்த ஈக்களுக்குப் பழம் போட்டு வளர்த்தது.

ஷெர்மர்ஹார்ன் கட்டடத்தின் 613ஆம் எண் அறை. 16 அடிக்கு 23 அடி. அதற்குள் நெருக்கியடித்து எட்டு மேசைகள், பால் பாட்டில்களில் ஈக்கள், அழுகிய பழ வாடை, இடையிடையே ஓடும் கரப்பான்கள். 'ஈ அறை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அங்கே பேராசிரியர் தாமஸ் ஹன்ட் மார்கன், ஈதரில் மயங்கிய ஈக்களைக் கைலென்ஸ் வைத்து எண்ணிக்கொண்டிருப்பார்.

ஏன் பழ ஈ? முட்டை ஈயாக மாறப் பத்துப் பன்னிரண்டு நாள் போதும். தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டே போகலாம். குரோமோசோம்களும் நான்கே ஜோடி.

1910இல் ஒரு பாட்டிலில் வெள்ளைக் கண் ஆண் ஈ ஒன்று தென்பட்டது. மற்ற ஈக்களுக்கெல்லாம் கண் சிவப்பு. சிவப்புக் கண் பெண் ஈயோடு அதைச் சேர்த்தார் மார்கன். பிறந்தவை ஏறக்குறைய எல்லாமே சிவப்புக் கண். பேரப்பிள்ளைகளிடம் வெள்ளைக் கண் திரும்பி வந்தது, அதுவும் ஆண்களிடம் மட்டும். கண் நிறத்துக்கான மரபணு, பாலினத்தைத் தீர்மானிக்கும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது என்று இதிலிருந்து தெரிந்தது.

கொலம்பியாவில் 24 ஆண்டுகள் இருந்த மார்கன், இளங்கலை மாணவர்களுக்கு விலங்கியல் அறிமுக வகுப்பு எடுத்தது ஒரே ஒரு முறை, 1909இல். அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த இருவர் பிறகு ஈ அறைக்கு வந்து சேர்ந்தார்கள். கால்வின் பிரிட்ஜஸுக்குக் கொடுத்த வேலை பாட்டில் கழுவுவது. கழுவ வந்த பாட்டிலின் தடித்த கண்ணாடி வழியாகவே, கண் நிறம் மாறிய ஓர் ஈயை அவர் கண்டுபிடித்தார். மேசை கிடைத்தது.

இன்னொருவர் ஆல்பிரட் ஸ்டர்டிவண்ட். மல்லிகைச் சரத்தை எங்காவது அறுத்தால், அடுத்தடுத்த பூக்கள் பெரும்பாலும் ஒரே துண்டில் நிற்கும். தள்ளித் தள்ளி இருப்பவை பிரிந்துவிடும். குரோமோசோமில் வரிசையாக இருக்கும் மரபணுக்களும் அப்படித்தான். எவ்வளவு அடிக்கடி பிரிகின்றன என்று எண்ணினால், எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்று சொல்லிவிடலாம். 1911இல் ஓர் இரவு, வீட்டுப்பாடத்தை ஒதுக்கிவிட்டு இந்தக் கணக்கில் உட்கார்ந்தார் ஸ்டர்டிவண்ட். விடிவதற்குள் உலகின் முதல் மரபணு வரைபடம் தயார். 1913இல் அது அச்சேறியது.

அந்த அறையில் பாடம் எங்கே முடிந்தது, ஆராய்ச்சி எங்கே தொடங்கியது என்று கோடு கிழிக்க முடியாது. விலை உயர்ந்த கருவிகள் அங்கே இல்லை. பாட்டில் கழுவும் மாணவனும் பேராசிரியரோடு வாதாடலாம் என்ற உரிமை இருந்தது.

மார்கனுக்கு 1933இல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசுத் தொகையைத் தன் பிள்ளைகளுக்கு மட்டும் அவர் வைத்துக்கொள்ளவில்லை; பிரிட்ஜஸ், ஸ்டர்டிவண்ட் இருவரின் பிள்ளைகளுக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தார்.