கவசத்துக்கும் ஆயுள் உண்டு

குண்டு துளைக்காத அங்கியை மாட்டிக்கொண்டு பணிக்குப் போகிற காவலர், அதை நெய்தவரையும் சோதித்தவரையும் வாங்கிக் கொடுத்தவரையும் நம்பித்தான் போகிறார். தொட்டுப் பார்த்தோ தூக்கிப் பார்த்தோ அதன் வலிமையை அவரால் அறிய முடியாது. அதனால்தான் அங்கியின் உள்ளே இருப்பது என்ன, அது எத்தனை ஆண்டு தாங்கும் என்று தெரிந்துகொள்வது அவரது உரிமையாகிறது. அந்த உரிமை மறுக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் சைலான் என்ற இழையில் செய்த அங்கிகளின் விவகாரமே சாட்சி.

இழை எப்படிக் காக்கிறது?

டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஸ்டெஃபனி குவாலெக் 1965-ல் கண்டறிந்த இழையிலிருந்து பிறந்தது கெவ்லர். எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிடப் பல மடங்கு வலிமையானது. இதை அரமிட் வகை என்பார்கள். இன்னொரு வகை, மிக நீண்ட மூலக்கூறுகளைக் கொண்ட பாலிஎத்திலீன். டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் வருவது இதுதான். இவற்றைப் பல அடுக்குகளாகச் சேர்த்துச் செய்த பலகத்தில் குண்டு மோதும்போது, அதன் விசை இழைகளின் வழியே பரவிச் சிதறுகிறது. குண்டு நசுங்கி நிற்கிறது. இப்படிப்பட்ட மென்மையான அங்கி கைத்துப்பாக்கிக் குண்டுக்கானது. ரைஃபிள் குண்டைத் தடுக்கப் பீங்கான் போன்ற கெட்டியான தகடுகளைக் கூடுதலாகச் செருக வேண்டும்.

குண்டு உள்ளே நுழையாவிட்டாலும் ஆபத்து நீங்கிவிடாது. அங்கியின் பின்புறம் உள்நோக்கிப் புடைத்து, விலா எலும்பையும் நுரையீரலையும் தாக்கலாம். சோதனையில் அங்கிக்குப் பின்னால் களிமண் வைத்து, குழியின் ஆழத்தை அளப்பது இதற்காகத்தான். அமெரிக்கத் தரத்தில் அந்தக் குழி 44 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

சைலான் தந்த பாடம்

ஜப்பானின் டோயோபோ நிறுவனம் 1998-ல் சந்தைக்குக் கொண்டுவந்த சைலான், கெவ்லரைவிட வலிமையானது. அதனால் அங்கி மெல்லியதாகவும் எடை குறைந்ததாகவும் ஆனது. மிச்சிகனைச் சேர்ந்த செகண்ட் சான்ஸ் நிறுவனம் இந்த இழையில் செய்த அங்கிகளை அமெரிக்கக் காவலர்கள் விரும்பி வாங்கினார்கள். ஆனால் ஈரமும் வெப்பமும் வெளிச்சமும் அந்த இழையின் மூலக்கூறுகளை மெல்ல மெல்ல உடைத்துக்கொண்டிருந்தன. உடலோடு ஒட்டி, வியர்வையில் ஊறும் ஒரு பொருளுக்கு இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது.

2003 ஜூனில் பென்சில்வேனியாவில், வாங்கிச் சில மாதங்களே ஆன அங்கியைக் குண்டு துளைத்து ஒரு காவலர் படுகாயமடைந்தார். அதன் பிறகே அமெரிக்காவின் தேசிய நீதி நிறுவனம், பயன்பாட்டில் இருந்த 103 சைலான் அங்கிகளை எடுத்துச் சுட்டுப் பார்த்தது. 60 அங்கிகளை ஒரு குண்டாவது துளைத்தது. எல்லாச் சோதனைகளிலும் தேறியவை வெறும் 4. 2005 ஆகஸ்டில் சைலான் அங்கிகளுக்கான அங்கீகாரம் விலக்கப்பட்டது.

சிதைவு பற்றிய தகவல் 2001-லிருந்தே தெரிந்திருந்தும் விற்பனை தொடர்ந்தது என்பது அமெரிக்க அரசு தொடுத்த வழக்கின் குற்றச்சாட்டு. 2018-ல் டோயோபோ 6.6 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டது. குற்றச்சாட்டு மீது தீர்ப்பு ஏதும் வரவில்லை. உண்மையை வெளியே கொண்டுவந்தவர் செகண்ட் சான்ஸின் ஆராய்ச்சித் தலைவராக இருந்த ஆரன் வெஸ்ட்ரிக். அரசின் சார்பில் தனிநபரே வழக்குத் தொடுக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தந்ததால் அவரால் அதைச் செய்ய முடிந்தது. இந்தியாவில் முறைகேட்டை அம்பலப்படுத்துவோரைக் காக்க 2014-ல் நிறைவேறிய சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. இது உயிரோடு விளையாடும் அலட்சியம்.

நம் ஊரில் கவனிக்க வேண்டியவை

இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பி.ஐ.எஸ்.) 2018-ல் குண்டு துளைக்காத அங்கிகளுக்கு ஐ.எஸ். 17051 என்ற தரத்தை வெளியிட்டது. காவலரானாலும், பணம் ஏற்றும் வேனில் போகும் தனியார் பாதுகாவலரானாலும், அங்கியைக் கையில் வாங்கியதும் பலகத்தில் தைத்த சீட்டைப் படியுங்கள். எந்தத் தரம், எந்த அளவு அச்சுறுத்தலுக்கானது, தயாரித்த தேதி, உத்தரவாதக் காலம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். உத்தரவாதம் முடிந்ததையோ ஒருமுறை குண்டு பட்டதையோ மாட்டிக்கொள்ளச் சொன்னால், மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பும் முக்கியம். அரமிட் இழைக்கு வெயில் ஆகாது. பாலிஎத்திலீனுக்குச் சூடு ஆகாது. சித்திரை வெயிலில் மூடிய ஜீப்புக்குள் அங்கியைப் போட்டுவைக்காதீர்கள். வெளி உறையை மட்டும் கழற்றித் துவைக்கலாம். பலகத்தை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் தட்டையாக வைத்து உலர்த்துங்கள். மடித்து வைத்தால் மடிப்பு விழுந்த இடம் பலவீனமாகும். பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது.

இருசக்கர வாகன ஓட்டிகளுக்கும் ஒரு சொல். ‘கெவ்லர் ஹெல்மெட்’ என்று சொல்லி விற்றாலும், ஓடு மட்டும் தலையைக் காப்பதில்லை. உள்ளே இருக்கும் தெர்மாகோல் அடுக்கு நசுங்கித்தான் அடியை வாங்கிக்கொள்கிறது. பெரிய அடி பட்ட ஹெல்மெட் வெளியே பளபளப்பாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பது குற்றம். முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண் உண்மையானதா என்பதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் பார்க்கலாம்.

எங்கே முறையிடலாம்?

சொந்தப் பணத்தில் வாங்கிய பொருள் குறையுடையதாக இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளால் காயமோ உயிரிழப்போ நேர்ந்தால் தயாரித்தவரிடமும் விற்றவரிடமும் இழப்பீடு கோரலாம். இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. ரசீதையும் சேதமான பொருளையும் தூக்கி எறியாதீர்கள்.

அரசு வாங்கிக் கொடுத்த அங்கி என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். காவலரின் குடும்பத்தினரே மனுச் செய்யலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. பாதுகாப்பு ரகசியம் என்று மறுக்க இடம் தராமல் கேள்வியைச் சுருக்கமாக வையுங்கள்: வாங்கிய ஆண்டு எது, எந்தத் தரத்தின்படி வாங்கப்பட்டது, உத்தரவாதம் எப்போது முடிகிறது? 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. புது அங்கியைச் சோதித்தால் மட்டும் போதாது. பயன்பாட்டில் இருப்பவற்றிலிருந்து ஆண்டுதோறும் சிலவற்றை எடுத்துச் சுட்டுப் பார்த்து, முடிவை அணிபவருக்குத் தெரிவிக்க வேண்டும். அமெரிக்கா இதை 2003-ல் ஒரு காவலர் ரத்தம் சிந்திய பிறகே செய்தது. நம் காவலர்களுக்கு அது முன்கூட்டியே நடக்க வேண்டும்.