கயிறு இல்லாத டீக்கடை

டீக்கடை வாசலில் தொங்கும் கயிறு காலையிலிருந்து ராத்திரிவரை கனன்றுகொண்டே இருக்கும். தீப்பெட்டி வேண்டாம், பாக்கெட்டும் வேண்டாம். "ஒரு டீ, ஒரு தம்" என்றால் போதும். புகையை விட நினைப்பவர் மல்லுக்கட்ட வேண்டியது இந்த ஜோடியோடுதான்.

இழுத்த 20 நொடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது. ரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஏறக்குறைய 2 மணி நேரம். கால்கள் தாமாகக் கடைக்குக் கிளம்புவதற்குப் பாதிக் காரணம் அது. மீதி, பழக்கம்.

விட்டபின் இரண்டாம், மூன்றாம் நாள்தான் கொடுமை. எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை. இதில் டீக்கும் பங்கிருப்பது பலருக்குத் தெரியாது. புகையிலுள்ள தார், கல்லீரலை முடுக்கிவிட்டுக் காஃபீனைச் சீக்கிரம் கரைக்க வைக்கிறது. புகை நின்ற சில நாளில் அந்த வேகம் அடங்கிவிடும். அதே நாலு டீ இப்போது உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். "தம் இல்லாம கை நடுங்குது" என்று மறுபடி பற்றவைக்கிறாரே, அவரைக் கவிழ்த்ததில் டீயும் கூட்டு. நாலை இரண்டாக்கிப் பார்க்கலாம்.

மருந்துக்கடையில் விற்கும் நிகோடின் சூயிங்கம்மிலும் டீ குறுக்கே வரும். "வாங்கிப் போட்டேன், ஒண்ணும் கேக்கலை" என்பவர் பெரும்பாலும் அதைப் பபுள்கம்போல மென்று தள்ளியிருப்பார். காரம் ஏறும்வரை மெதுவாக மென்று, கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும். வெற்றிலை போடும் தாத்தாக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை! நிகோடின் ஏறுவது வாயின் உள்தோல் வழியாக. டீ குடித்த கால் மணிக்குள் போட்டால் சரியாக ஏறாது.

பொது இடத்தில் புகைக்க நாடு முழுக்கத் தடை வந்தது 2008 அக்டோபர் 2-இல், காந்தி ஜெயந்தியன்று. கயிறு அணையவில்லை. 2018 முதல் பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்ற இலவச உதவி எண்ணை அச்சிடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒன்று, இரண்டாக வாங்குபவர் பாக்கெட்டை எங்கே பார்க்கிறார்?

மாதங்கள் கழிந்தபிறகும் ஆபத்து தீர்வதில்லை. கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், துக்க வீட்டு வாசல், "ஒரே இழுப்புடா மச்சான்." அந்த ஆசை சில நிமிடத்தில் வடிந்துவிடும், அதுவரை அந்த இடத்தில் நிற்காமல் இருப்பதுதான் சாமர்த்தியம்.

என் நண்பர் விட்டு மூன்று வருடமாகிறது. தெருமுனைக் கடையைத் தாண்டி, அரை கிலோமீட்டர் நடந்துபோய் டீ குடிக்கிறார். அவ்வளவு நல்ல டீயா என்று கேட்டேன்.

"சுமாராத்தான் இருக்கும். அங்க கயிறு இல்ல."