களஞ்சியத்தில் உறங்கும் செல்வம்

மாத்தளை மாவட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையொன்றிற் களஞ்சியப் பொறுப்பிலுள்ள நம் பழைய மாணவர் ஒருவர், சென்ற விடுமுறையில் நம்மைக் காண வந்தபோது தம் மனக்குறையை எடுத்துரைத்தார். அவர்தம் களஞ்சியத்தில் எவரும் பல்லாண்டுகளாகத் தொடாத பெயாரிங்குகளும் பற்சக்கரங்களும் நிறைந்து கிடக்கின்றன. ஆயினும், கொழுந்து மிகுந்த நாளொன்றில் உருட்டும் இயந்திரம் நின்றபோது, வேண்டிய பெல்ட் அங்கே இல்லை. பறித்த கொழுந்து காத்திராது. காலந் தாழ்ந்தால் தேயிலையின் தரங் குன்றும். மிகுதியும் பற்றாக்குறையும் ஒரே கூரையின்கீழ் வாழ்வது எங்ஙனம்? தமிழாசிரியராகிய நாம் இயந்திர நூல் வல்லேம் அல்லேம். எனினும், கேட்டும் கற்றும் அறிந்தவற்றை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

மிகுதிக்கு முதற் காரணம் அச்சம். 1970 முதல் 1977 வரை இந்நாட்டில் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோதும் உதிரிப்பாகங்கள் கிடைப்பது அரிதாயிற்று. இடர்ப்பட்டோர் கிடைத்தபோது கிடைத்தவற்றை வாங்கிக் குவித்தல் இயல்பே. அன்றியும், பாகம் இல்லையெனில் பொறுப்பாளர் பழி ஏற்கின்றார். மிகுதியாயின் எவரும் வினவுவதில்லை. பழைய இயந்திரம் அகற்றப்பட்ட பின்னரும் அதன் பாகங்கள் எஞ்சி நிற்கின்றன. ஒரே பொருள் இரு பெயர்களிற் பதியப்பட்டு இருமுறை வாங்கப்படுவதும் உண்டு.

இவ்வாறு குவிந்தவை வாளா கிடப்பன அல்ல. அவற்றில் முடங்கிய பணத்திற்கு வட்டி ஏறுகின்றது. மலைநாட்டு ஈரத்திற் பெயாரிங்கு துருவேறும். அதிலிட்ட கிறீஸ் இறுகும். இறப்பர்ப் பெல்ட் வெடிக்கும். ஆபத்திற்கென வைத்த பொருள் ஆபத்து வேளையில் உதவாது போகும்.

பரிகாரம் யாது? முதலில், உள்ளனவற்றை எல்லாம் எண்ணி, ஒரு பொருளுக்கு ஒரே பெயரும் இலக்கமும் இடுதல் வேண்டும். அடுத்து, அவற்றை மூவகைப்படுத்தல் வேண்டும்: இல்லையேல் ஆலையே நிற்கும் உயிர்நிலைப் பொருள்கள், சிறிது பொறுக்கத்தக்கன, கடைத்தெருவில் அன்றே வாங்கத்தக்கன. கடைசி வகையைச் சேமித்தல் வீண். முதல் வகையோ பத்தாண்டு பயன்படாதிருப்பினும் வைத்திருக்கத் தக்கது. பொல்கொல்லையிலிருந்து சுரங்கவழி வரும் மகாவலி நீரால் 1976 முதல் இயங்கும் உக்குவளை மின்னிலையத்தை எண்ணிப் பார்க்க. அத்தகைய நிலையத்தின் நீர்ச்சுழலிப் பாகத்தை மாத்தளைக் கடைவீதியில் வாங்கவியலுமோ? ஆதலின், அசையாப் பொருள் யாவும் மிகுதியென்று கழித்தலும் தவறேயாம்.

மூன்றாவது, அளவை அச்சத்தால் அன்றிக் கணக்கால் வரையறுத்தல். திங்களுக்கு 4 பெல்ட் செலவாகின்றது. கட்டளையிட்டபின் வந்துசேர 3 திங்கள் ஆகின்றது எனக் கொள்வோம். இடைக்காலத் தேவை 12. எதிர்பாராததற்கு இன்னும் 4. எனவே, இருப்பு 16 ஆகும்போது கட்டளையிட்டாற் போதும். அங்கே 60 இருப்பின் அது 15 திங்களுக்குரியது. இருப்பு 16 ஆகுங்காறும் புதிதாய் வாங்குதலை நிறுத்தி வைக்கலாம். ஒருமுறையில் எத்துணை வாங்குவது சிக்கனம் என்பதற்கும், 1913ஆம் ஆண்டிலேயே ஹரிஸ் என்னும் அமெரிக்கர் சூத்திரம் வகுத்துள்ளார்.

நான்காவது, பகிர்தல். 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு கம்பனியின் கீழுள்ள தொழிற்சாலைகள் பலவற்றில் ஒத்த இயந்திரங்கள் இருப்பின், விலைமிக்க பாகமொன்றை ஆளுக்கொன்றாய் வைக்காது பொதுவில் வைக்கலாம். எவ்வியந்திரத்திற்கும் உதவாதவற்றை விற்றுவிடலே நன்று.

தேயிலை ஈட்டித் தரும் அந்நியச் செலாவணியின் ஒரு பகுதியே இத்தட்டுகளில் உறங்குகின்றது. கொழுந்து பறிக்கும் தாயரின் உழைப்பும் அதனுள் அடங்கியுள்ளது. ஆலைகளிலும் களஞ்சியங்களிலும் பணிபுரியும் நம் பழைய மாணவர்கள், வருகின்ற கணக்கெடுப்பில் ஒரு தட்டையேனும் இம்முறையால் ஆராய்ந்து பார்ப்பாராக. கல்லூரியிற் கற்ற கணக்கு அங்கே பயன் தருமாயின், கற்பித்தோர்க்கு அதனினும் மகிழ்ச்சி வேறில்லை.